கடைசி றீலில் அழாத பெண்

1

அண்ணி இறந்து ஒரு வருடமாகப் போகிறது. பத்திரிகையில் நினைவஞ்சலி போடவேண்டும், படத்துக்குக் கீழே நாலு வரி எழுதி அனுப்பு என்று அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருக்கிறார். ஆறாத்துயர், அழியாத நினைவு என்று எல்லாரும் எழுதுகிற அந்த நாலு வரியை எழுத எனக்கு முகமில்லை. ஏன் இல்லை என்பதை எழுதுகிறேன். ஊரில் கதைப்பார்கள். கதைக்கட்டும். மனைவி இதை வாசித்துவிட்டு, "என்ர பெயரை மட்டும் போடாதேங்கோ" என்றாள். போடவில்லை.

நான் சிட்னியில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் படம் வெட்டுகிறவன். பெரிய கலைஞன் என்று யாரும் நினைக்கவேண்டாம். பழைய ஹொலிவூட் படங்கள் தகரப் பெட்டிகளில் வரும். இங்கே ரீவியில் கலர் வந்தபிறகு கறுப்பு வெள்ளைப் படங்களை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வீட்டிலிருக்கும் பெண்கள் பார்க்கிற நேரம். விளம்பரத்துக்கு இடம் விட்டு வெட்டுவேன். பகலில் காட்டக்கூடாது என்று தாளில் எழுதி வருவதையும் வெட்டுவேன். வெட்டிய துண்டுகளுக்கு இலக்கம் போட்டு ஒரு சின்னத் தகரத்துக்குள் வைக்கவேண்டும். ஒளிபரப்பு முடிந்ததும் அந்தந்த இடத்தில் திரும்ப ஒட்டி, படத்தை முழுதாகச் சொந்தக்காரருக்கு அனுப்பவேண்டும். வெட்டலாம், தொலைக்கக்கூடாது. இது எங்கள் அறையின் சட்டம்.

இந்தச் சட்டத்தை வேலையில் ஒருநாளும் மீறியதில்லை. வீட்டில் மீறினேன்.

2

இந்த நாட்டுக்கு வந்தது என் திறமையில் அல்ல. மனைவி தாதி. வெள்ளையர் அல்லாதவர்களை எண்ணி எண்ணி உள்ளே விட்ட காலம் அது. கொழும்பில் எங்களை விசாரித்த அவுஸ்திரேலிய அதிகாரி அவளுடைய சான்றிதழ்களைப் பார்த்ததை விட எங்கள் மூவரின் புகைப்படத்தைப் பார்த்ததுதான் அதிக நேரம். என் தொழில் என்ன என்று கேட்டான். தியேட்டரில் ஒப்பரேட்டர், படம் ஓட்டுகிறவன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'மனைவியில் தங்கியிருப்பவர்' என்று எழுதினான். பன்னிரண்டு வருடமாகியும் அந்த வரி என் கோப்பில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மகள் சுகந்திக்கு அப்போது ஏழு வயது. தாயை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தியேட்டரில் மூன்று காட்சி. பிள்ளையை எட்டு மாதத்திலிருந்து வளர்த்தது அண்ணிதான். அவவுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. கப்பலேறும் நாளன்று சுகந்தி எங்களோடு வரமாட்டேன் என்று அண்ணியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றியவள் அண்ணி. நான் கழற்றவில்லை. எனக்குப் பயம்.

யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் ஞாயிறு காலைகளில் பழைய ஆங்கிலப் படம் ஓட்டுவோம். கொழும்பில் வெட்டியது போதாதென்று எங்கள் முதலாளியும் தன் பங்குக்கு வெட்டச் சொல்வார். வெட்ட நேரமில்லாவிட்டால் கையால் மறைக்கச் சொல்வார். வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் முகத்தோடு முகம் நெருங்கும்போது நான் லென்சுக்கு முன்னால் உள்ளங்கையை வைப்பேன். திரை இருட்டாகும். சத்தம் மட்டும் ஓடும். கீழே கலரியின் மலிவு ஆசனங்களிலிருந்து விசில் பறக்கும்.

"டேய் ஒப்பரேட்டர், கையை எடடா. நீ மட்டும் பார்க்கிறியோ?"

"அவன் துண்டை வெட்டி வீட்டை கொண்டுபோறான். பெண்டிலுக்குக் காட்டப் போறான்."

ஒரு முறை மகளிர் கல்லூரி ஒன்றின் அதிபர் அம்மா ஐம்பது மாணவிகளைக் கூட்டிவந்தா. படம் முடிந்ததும் மேலே ஏறிவந்து என்னிடம், "தம்பி, நீர் மறைச்ச இடத்தில என்ன நடந்தது?" என்று கேட்டா. ஒன்றும் பெரிதாக இல்லை, கன்னத்தில் ஒரு கொஞ்சல் என்றேன். "பிள்ளையள் இப்ப வேற என்னவோ எல்லாம் நினைச்சுக்கொண்டு போகுதுகள். காட்டியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனா. அந்த மனுசிக்கு இருந்த புத்தி சென்சார்காரன் ஒருவனுக்கும் இருந்ததில்லை. எனக்கும் இருக்கவில்லை.

3

இந்த ஆவணி மாதம் நிலையத்துக்கு ஒரு கட்டுப் பழைய படங்கள் வந்தன. ஒரே பெயரில் இரண்டு பெட்டி. ஓட்டிப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிடப் பதினொரு நிமிடம் நீளம்.

பேசும் படம் வந்த ஆரம்ப வருடங்களில் எடுத்தது. அப்போது ஹொலிவூட்டில் கட்டுப்பாடு தாளில் மட்டும் இருந்தது. யாரும் மதிக்கவில்லை. பெண்கள் திரையில் புருசனை விட்டுவிட்டுப் போனார்கள், விரும்பினவனோடு இருந்தார்கள், முதலாளியின் முகத்துக்கு நேரே பேசினார்கள். முப்பத்து நாலாம் ஆண்டின் நடுவில் கதவை அடைத்தார்கள். முத்திரை குத்தாத படம் தியேட்டருக்குப் போகாது என்று கொம்பனிகள் தாங்களே கட்டிய கதவு. கத்தோலிக்கச் சாமிமார் எழுதிக் கொடுத்தார்கள், வியாபாரிகள் கையெழுத்து வைத்தார்கள். தவறு செய்தவள் தண்டனை பெறவேண்டும், இல்லையென்றால் அழுது திருந்தவேண்டும். பழைய படங்களைத் திரும்ப ஓட்டுவதென்றாலும் அதே விதி. சிலவற்றை மூலப் பிரதியிலேயே வெட்டி எறிந்தார்கள். எறிந்தது எறிந்ததுதான்.

இந்தப் படத்தில் ஒரு தட்டெழுத்துக்காரி. தகப்பனோடு சண்டை பிடித்து வீட்டைவிட்டுப் பெரிய நகரத்துக்கு வருகிறாள். ஒருவனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். தாலியில்லை, மோதிரமில்லை. நீளமான பிரதியில் ஒருத்தி அவளிடம் கெட்டுப்போனாயே என்கிறாள். "நான் கெட்டுப்போகவில்லை. புறப்பட்டு வந்தேன்" என்கிறாள் இவள். கடைசியில் வேறொரு ஊரில் வேலை கிடைத்து ரெயில் மேடையில் நிற்கிறாள். தொப்பியைச் சரிசெய்கிறாள். சிரிக்கிறாள். படம் முடிகிறது.

கட்டையான பிரதியில் அந்தப் பேச்சு இல்லை, ரெயில் மேடையும் இல்லை. அதற்குப் பதிலாகக் கடைசியில் அவள் தகப்பனின் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். முதுகுதான் தெரிகிறது. எனக்குத் தொழில் தெரியும். அது அவள் முதுகு இல்லை. தலைமயிர் வேறு, வெளிச்சம் விழும் பக்கம் வேறு, குரலும் வேறு. பிறகு யாரோ ஒருத்தியைப் பிடித்து அழவைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டையான படத்தை நான் யாழ்ப்பாணத்தில் ஓட்டியிருக்கிறேன். எத்தனையோ ஞாயிறு இப்படியான முடிவுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெள்ளைக்காரியாக இருந்தாலும் கடைசி றீலில் அழுதுகொண்டு வீட்டுக்கு வருவாள் என்று நம்பினோம். அதைச் சொல்லித்தான் பிள்ளைகளை வெருட்டினோம். அது ஒரு அலுவலகத்தின் வேலை என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் அறைக்குப் பொறுப்பானவன் றொன். நல்ல மனிசன், வாய்தான் மோசம். எதைப் போடுவது என்று கேட்டேன்.

"கட்டையானது. சாப்பாட்டு நேரத்தில் பெண்களுக்கு ஒழுங்கான முடிவு வேண்டும், மேட்."

"அப்ப மற்றது?"

"குப்பைக்கு. சொந்தக்காரன் ஒன்றைத்தான் திரும்பக் கேட்டிருக்கிறான். முகத்தை ஏன் தொங்கப்போடுகிறாய்? அவள் என்ன உன் மகளா?"

4

போன வருடம் மாசி மாதம் சுகந்தி வீட்டைவிட்டுப் போனாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கிறெக் என்று ஒரு வெள்ளைக்காரப் பெடியன், அவளோடு படிக்கிறவன். சிட்னிக்குள்ளேயே நியூட்டவுனில் இருவரும் ஒரு வீட்டில் மேல்மாடி எடுத்தார்கள். கலியாணம் இல்லை. நான் கத்தினேன். இங்கே எழுதமுடியாத வார்த்தைகள். அவள் கத்தவில்லை. ஆங்கிலத்தில், "முடிந்ததா அப்பா?" என்று கேட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பென்டில் ஹில் ஸ்ரேசனுக்கு நடந்து போனாள்.

திரும்பி வருவாள் என்று காத்திருந்தேன். அழுதுகொண்டு வருவாள் என்று காத்திருந்தேன். வாசலில் வந்து நிற்பாள், நான் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு உள்ளே வா என்பேன், இப்படியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

அவள் வரவில்லை. கடிதங்கள் மட்டும் வந்தன. எனக்கல்ல, பெரியம்மாவுக்கு. சுகந்திக்குத் தமிழ் கொஞ்சம் பேச வரும், எழுத வாசிக்க மறந்துபோனது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஆங்கிலம் தெரியாது. சின்ன வயதிலிருந்து அவள் ஆங்கிலத்தில் எழுதித் தருவாள், நான் தமிழில் எழுதி ஊருக்கு அனுப்புவேன். அண்ணியின் பதிலை ஆங்கிலத்தில் எழுதி அவளிடம் கொடுப்பேன். அந்த வழக்கத்தை அவள் நிற்பாட்டவில்லை. என்னோடு கதைக்காத பிள்ளை, இந்த ஒன்றுக்கு மட்டும் என்னை நம்பி மாதா மாதம் தபாலில் அனுப்பினாள்.

அவள் எல்லாவற்றையும் எழுதினாள். கிறெக்கைப் பற்றி எழுதினாள். நான் வெட்டினேன். 'படிப்பு நல்லாப் போகுது, இங்கே குளிர்' என்று அனுப்பினேன். அவள் மெல்பேணில் விடுதியில் தங்கிப் படிப்பதாக நானாகவும் சேர்த்தேன். அண்ணியின் பதில்களில் அந்த விடுதிப் பேச்சு வந்த இடங்களையும் வெட்டித்தான் மகளுக்கு அனுப்பினேன். அண்ணிக்கு இருதய வருத்தம், தாங்கமாட்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஊரில் என் மானம் போய்விடும் என்பதுதான் காரணம்.

பிறகு மெல்பேணிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போன ஒருவர், சிட்னி ஆட்கள் மூலம் அறிந்திருந்தவர், அண்ணியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். புரட்டாதியில் அண்ணியின் கடிதம் வந்தது. சுகந்திக்கு. நான் பிரித்தேன். அண்ணிக்குக் கோபமில்லை. ஒரு துளி கோபமில்லை. இதைக் கொடுத்தால் சுகந்தி இனி அழுது திரும்பி வரவே மாட்டாள், அவளுக்கு ஒரு துணை கிடைத்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. 'மழை பெய்கிறது. நல்லாச் சாப்பிடு. கவனமாகப் படி. பெரியம்மா.' இதை ஆங்கிலத்தில் எழுதி நியூட்டவுனுக்கு அனுப்பினேன்.

மூன்று கிழமையில் தந்தி வந்தது. அண்ணி போய்விட்டா. மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நாலு வசனம். அவள் வைத்துவிட்டாள். அதன்பிறகு கடிதமும் இல்லை.

5

நீளமான பிரதியை என்னால் குப்பையில் போட முடியவில்லை. சுகந்தி ஒரு மாணவிகள் குழுவில் பழைய படங்கள் போட்டுக் காட்டுகிறாள் என்று மனைவி சொல்லியிருந்தாள். தாயும் மகளும் கதைப்பார்கள், எனக்குத் தெரியாமல் என்று நினைத்துக்கொண்டு. ஒன்றரை வருடத்தில் முதல்தரம் அவளுடைய இலக்கத்தைச் சுழற்றினேன், அந்த நாலு வசனத்தைக் கழித்தால்.

"சுகந்தி, அப்பா."

"அம்மாவுக்கு என்னவும் நடந்ததோ?"

"அம்மா சுகம். ஒரு படம் இருக்கு. குப்பைக்குப் போகப்போகுது."

என்ன படம் என்று கேட்டாள். சொன்னேன். எப்படி முடிகிறது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவளோடு நான் அவ்வளவு நேரம் கதைத்தது அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில்தான். பெட்டியை வெளியே கொண்டுபோகலாமா என்று றொன்னிடம் கேட்டேன். "குப்பைக்குப் போகும் வழியில் அது எங்கே இறங்குகிறது என்று நான் பார்க்கப் போவதில்லை" என்றான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். நியூட்டவுனில் ஒரு கடைக்கு மேலே உள்ள அறை. சன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். நாற்பது பெட்டையள் வரை நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார்கள், நடுவில் ஒரு நாய். இயந்திரத்தை நான்தான் ஓட்டினேன். கிறெக் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டான். நான் நின்றுகொண்டேன்.

ரெயில் மேடையில் அவள் சிரித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தி எழும்பி, யார் இதை வெட்டியது என்று கேட்டாள். கோபமாகக் கேட்டாள். என்னைப் பார்த்தே கேட்டாள்.

"முதலில் படத்தை எடுத்த கொம்பனி. பிறகு என்னைப்போல ஆட்கள்" என்றேன்.

"நீங்களா?"

"இதையல்ல. இதைப்போல நிறைய."

எல்லாரும் சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. "வெட்டியவர்கள் மட்டும் முழுதாகப் பார்த்திருக்கிறார்கள்" என்றாள். "நாற்பது வருடமாக மற்றவர்கள் எல்லாரும் அவள் அழுதாள் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்."

அவள் படத்தைப் பற்றித்தான் சொன்னாள். நான் றீலைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

எல்லாரும் போனபிறகு வயரைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ்.

"பெரியம்மா கடைசி வரைக்கும் என்னோட கோவம், என்ன?"

"ஆர் சொன்னது?"

"நான் கேட்டு எழுதினனான். அவ மழை பெய்யுது எண்டு எழுதினா." வயரைக் கீழே வைத்தாள். "கோவம் எண்டா கோவம் எண்டு எழுதியிருக்கலாம். ஒண்டும் சொல்லாமல் போனதுதான், அப்பா. அதுதான் எனக்கு…"

இயந்திரத்தின் மூடியைப் பூட்டினேன். இரண்டு கொழுக்கியைப் பூட்ட எனக்கு ஐந்து நிமிடம் எடுத்தது.

6

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணியை நிற்பாட்டினாள். திரும்பிப் பார்க்காமல், "அந்தக் கடிதம் எங்கை?" என்று கேட்டாள். எல்லாம் இருந்தது. அண்ணியின் கையெழுத்தில் வந்தவையும் சுகந்தியின் ஆங்கிலக் கடிதங்களும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் ஒன்றுவிடாமல் இருந்தன.

"நாளைக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ. நான் வரமாட்டன். நீங்கள் செய்த வேலை."

ஞாயிறு மத்தியானம் நியூட்டவுனுக்குப் போனேன். மேல்மாடி. மேசை சின்னது, புத்தகம் நிறைய. கிறெக் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தான். சுகந்தி அவனை இருக்கச் சொன்னாள். நான் செய்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, எனக்கு அது வராது. அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முயற்சித்தேன், பாதிக்கு மேல் முடியவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது. பெட்டியை வாங்கிக் கடிதங்களை நிலத்தில் பரப்பினாள். தபால் முத்திரையைப் பார்த்துப் பார்த்துத் திகதிப்படி அடுக்கினாள். அவளுடையது ஒன்று, பெரியம்மாவுடையது ஒன்று.

"வாசியுங்கோ" என்றாள். "எல்லாம். ஒரு சொல்லும் விடாமல்."

அவள் தன்னுடைய கடிதத்தை ஆங்கிலத்தில் வாசிப்பாள். அடுத்ததை நான் தமிழில் வாசிப்பேன். விளங்காத சொல்லை மறித்துக் கேட்பாள். வாசிக்க வாசிக்கத்தான் நான் செய்ததன் முழு அளவு எனக்கே தெரிந்தது. அவள் கேட்டதற்கு அங்கே பதில் இல்லை. அண்ணி பதில் எழுதியது நான் இட்டுக்கட்டிய கேள்விக்கு. 'விடுதியில சோறு தருவினமோ' என்று அண்ணி கேட்டிருந்தா. இல்லாத விடுதி. 'மெல்பேணில ஆரும் எங்கட ஆக்கள் இருக்கினமோ, தனிய எண்டு யோசிச்சால் எனக்கு நித்திரை வரேல்லை.' அதை நான் வாசித்தபோது சுகந்தி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். எழும்பிச் சன்னலடிக்குப் போய் நின்றுவிட்டு வந்து இருந்தாள்.

அவளுடைய கடைசிக் கடிதம் கட்டையானது. "பெரியம்மா, கிறெக்கைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. கோபமென்றால் சொல்லுங்கள். இந்த முறையும் எழுதாவிட்டால் நான் உங்களுக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன்."

அடுத்தது புரட்டாதிக் கடிதம். அண்ணியின் எழுத்து எப்போதும் பெரிதாக இருக்கும், வரி கீழ்நோக்கிச் சரியும். வாசித்தேன்.

'என்ர குஞ்சு, நீ மெல்பேணில இல்லையாம். ஒரு பெடியனோட இருக்கிறியாம். வந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் எனக்கு ஒளிச்சனீ? நான் உன்னை அடிச்சனானோ? பெரியப்பா ரண்டு நாள் கதைக்காமல் இருந்தார், இப்ப கதைக்கிறார். உன்னை விட்டுட்டு இருக்க எங்களுக்கு வேற பிள்ளை ஆர்? அந்தப் பெடியன் உன்னோட அன்பாய் இருக்கிறானோ? அதை மட்டும் எனக்கு எழுது. இஞ்சை கூட்டிக்கொண்டு வா. அவன் எங்கட சாப்பாடு சாப்பிடுவானோ? உறைப்புக் குறைச்சுச் சமைக்கட்டோ?'

அவ்வளவுதான் கடிதம். கீழே கையெழுத்து.

கிறெக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சுகந்தி என் கையிலிருந்து தாளை வாங்கினாள். வாசிக்கத் தெரியாத எழுத்தை விரலால் தடவிக்கொண்டே போய், கடைசி வரி எது என்று என்னிடம் கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, தாளைப் பார்த்தே சொன்னாள், உடைந்த தமிழில், மெதுவாக.

"குறைக்கத் தேவையில்லை, பெரியம்மா. அவன் உறைப்புச் சாப்பிடுவான்."